கொசு தசரா

டமார்!

சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தான் சென்னப்பன். காய்ச்சலில் படுத்திருந்த ஆறு வயது மகள் ஸ்வாதியைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வாசலில் காக்கித் தொப்பி போட்ட ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சம்மட்டியை இரண்டாவது முறையாக ஓங்கிக்கொண்டிருந்தான்.

டமார்!

நீல நிறத் தண்ணீர் டிரம் நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருந்ததையெல்லாம் சந்தில் கொட்டியது. அந்தச் சந்தில் குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு இரண்டு முறை. அந்த வாரத்தின் இரண்டாவது முறை முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

“ஏனுங்க! நல்ல தண்ணிங்க அது! மூடி போட்டு, மேல துணி கட்டி வச்சிருக்கறனுங்க!”

“மூடி போட்டு வச்சா உள்ளே புழு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே உடைச்சுப் பாக்கறது” என்றான் சம்மட்டிக்காரன், பொறுமையாக.

உடைத்துப் பார்த்ததில் புழு இல்லை. ஆகவே பக்கத்து வீட்டு மாதம்மாவின் மண்பானையை உடைத்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. ஆட்டுக்கல் நான்கு அடி தாங்கியது. எதிர்வீட்டில் ஒருவர் ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘தண்ணீர் தேங்கக்கூடிய வடிவம்’ என்று கத்திக்கொண்டு ஒருவன் பாய்ந்தான். ஹெல்மெட்டோடு அவருடைய இரண்டு விரல்களும் நசுங்கின. அவர் அலறியதை, பொதுமக்கள் ஒத்துழைப்பு என்று ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டான்.

மைசூரின் கொசுக்களை ஒழிப்பதற்கென்று அமைக்கப்பட்ட சிறப்புத் தாக்குதல் படை இது. கன்னடத்தில் அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதாது. எல்லோரும் ‘படை’ என்றே சொன்னார்கள். அது வருவதைத் தூரத்தில் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஜீப்பிலிருந்து படைத் தலைவர் பசவராஜ் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி. கையுறை. சென்னப்பன் மகளை மாதம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய்க் கும்பிட்டான்.

“சார், கொசு எங்கிருந்து வருதுன்னு நான் காட்டறேன் சார். வீட்டுக்குப் பின்னால குழிங்க. அபார்ட்மெண்ட் கட்டறேன்னு கீழ்த்தளத்துக்குத் தோண்டினவங்க அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. முழுக்க மழைத்தண்ணி. புழு நெளியறது கண்ணுக்கே தெரியுதுங்க. சந்துல வீட்டுக்கு ஒருத்தருக்குக் காய்ச்சல்.”

பசவராஜ் பின்பக்கம் வந்து, தகர வேலியின் ஓட்டை வழியாக நெடுநேரம் பார்த்தார்.

“இருக்குது. ஏகப்பட்டது” என்றார் திருப்தியாக.

“ஏதாவது பண்ணுங்க சார்!”

“என்ன பண்ணட்டும்? இது தாக்குதல் படை. உடையற பொருளைத்தான் நாங்க அடிப்போம். குழி உடையுமா?”

“மருந்து அடிக்கலாமுங்களே.”

“இவ்வளவு ஆழத்துக்கு மருந்து வண்டிதான் வரணும். நீளக் குழாய் வச்ச வண்டி எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அது இப்போ வேலையில இருக்குது.”

படை வரிசையில் நின்று, உடைந்த டிரம்முக்கு முன்னால் ஒரு சல்யூட் வைத்துவிட்டு அடுத்த சந்துக்குப் போனது. அன்று சாயங்காலம் மழை பெய்தது. உடைந்த ஓடு ஒவ்வொன்றிலும் ஒரு கை அளவு தண்ணீர் நின்றது.

சென்னப்பன் சென்டரிங் வேலைக்காரன். கான்கிரீட் போடுவதற்கு முன் பலகையும் முட்டும் கொடுத்து நிறுத்துகிறவன். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவன். மறுநாள் ஒரு கேன் மண்ணெண்ணெய் தேடிப் பிடித்து, தகர வேலியை ஏறிக் குதித்துக் குழியில் ஊற்றினான். கல்யாண மண்டபம் அளவுக் குழியில் அது ஒரு மூலையில் படர்ந்து, வானவில் காட்டிவிட்டுக் காணாமல் போனது. குழியின் வாட்ச்மேன், தன் பொறுப்பில் இருந்த தண்ணீரை ஒருவன் கெடுப்பதைப் பார்த்துக் கட்டையால் அவன் முதுகில் நான்கு போட்டான். இந்தக் கதையில் சென்னப்பன் முதன்முதலாக வாங்கிய அடி அது. அப்போது அது வலித்தது.

ஸ்வாதியின் காய்ச்சல் ஏறியது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டெங்கு என்று சேர்த்துக்கொண்டார்கள். மனைவி பாக்கியலட்சுமி ஊதுபத்தி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மகளின் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்தாள்.

“ஏனுங்க, இவளைப் பாத்துக்க நான் இருக்கறேன். நீங்க போயி அந்தக் குழிக்கு ஒரு வழி பண்ணுங்க. நல்லாகி வந்து மறுபடியும் அதே கொசுக்கிட்டயா படுக்கப் போடறது?”

அதனால்தான் சென்னப்பன் படையின் அலுவலகத்துக்குப் போனான்.

சுவர் முழுக்கக் கடப்பாரை, சம்மட்டி, கோடாலி. எல்லாவற்றுக்கும் குங்குமம். நடுவில் கட்டில் நீளத்துக்கு ஒரு மின்சாரக் கொசு மட்டை தொங்கியது. அதற்கு மட்டும் சாமந்தி மாலை.

“நீ எந்தூருடா?” என்றார் பசவராஜ்.

“கௌதள்ளிங்க. ஹனூருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம்.”

“அட! நான் கொள்ளேகாலு! நம்ம பக்கத்து ஆளா நீயி?” அவர் உடனே தமிழுக்கு மாறினார். “உக்காரு கண்ணு. எந்திரிச்சு ஒருக்கா திரும்பு. கையைத் தூக்கு. உடம்புல சதை இல்ல. பரவால்ல, கொசுவுக்கு எதுக்குச் சதை?”

சென்னப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. பசவராஜ் விளக்கினார்.

மைசூரில் தசரா என்றால் ஒரு தசரா இல்லை. இளைஞர் தசரா உண்டு. விவசாயிகள் தசரா உண்டு. பெண்களுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனியாக உண்டு. சாப்பாட்டுக்கே ஒரு தசரா உண்டு. கொசுவுக்கு மட்டும் ஒன்று இல்லாத குறையைப் படை இந்த வருஷம் தீர்த்துவைக்கப் போகிறது. எருமைத்தலை அசுரனைச் சாமுண்டி வதைத்த ஊர் அல்லவா? அந்த ஊரில் மஷகாசுரன் என்ற கொசு அசுரன் தோன்றி, ஊர் ஊராக அட்டகாசம் செய்து, பொதுமக்களிடம் அடிவாங்கி, விஜயதசமியன்று மேடையில் சாவான். அம்மன் வேஷம் கிடையாது. அம்மன் வேஷம் போட்ட பெண் அதிகாரிகளைவிட உயரமாகத் தெரிவாள் என்பதால், வதத்தை அதிகாரிகளே நேரில் செய்வது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

“அசுரனுக்கு ஒரு பெயிண்டரைப் பிடிச்சு வச்சிருந்தோம். ஒத்திகையோட போயிட்டான்.”

“செத்துட்டானுங்களா?”

“சேச்சே. காறை எலும்புதான். விழத் தெரியாம விழுந்துட்டான். நீ சாரத்துல ஏறி இறங்கறவன். உனக்கு விழத் தெரியும்.”

“எனக்கு மருந்து வண்டி வேணுமுங்க.”

“தசரா முடியட்டும். நீ ஒழுங்கா செத்தேன்னா வண்டி நேரா உன் குழிக்குத்தான். கொள்ளேகால்காரன் வாக்கு.”

சென்னப்பன் யோசித்தான். அடி வாங்குவது அவனுக்குப் புதிதில்லை. அதற்குப் பதிலாக ஏதாவது கிடைக்கும் என்று ஒருவர் சொன்னதுதான் புதிது. சரி என்றான்.

உடுப்பு தயாராக இருந்தது. கம்பியில் வலை கட்டிய இறக்கைகள். சாக்குப்பை திணித்த நான்கு கூடுதல் கால்கள். மூக்கில் முழ நீளத் தகர ஊசி. முதுகுப் பக்கம் சணலால் தைத்துவிட்டால், இரண்டு ஆள் இல்லாமல் கழற்ற முடியாது.

முதல் நிகழ்ச்சி ஒரு பள்ளி மைதானம். குழந்தைகள் சுருட்டிய செய்தித்தாளால் அடிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அடித்தார்கள். அறிவியலில் ஆர்வம் உள்ள சிலர், செய்தித்தாளுக்குள் மரஸ்கேலை வைத்துச் சுருட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர் அவர்களைத் தனியாக அழைத்துப் பாராட்டினார். சென்னப்பனின் இடது காது அன்று மாலை வரை ரீங்காரம் செய்தது. வேஷத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பசவராஜ் அபிப்பிராயப்பட்டார்.

இரண்டாவது, ஒரு மகளிர் சங்கம். அவர்கள் விளக்குமாற்றோடு வந்தார்கள். சிலர் அதைத் திருப்பிப் பிடித்திருந்தார்கள். கணவன் பெயர் ஒன்றிரண்டைச் சொல்லிக்கொண்டே அடித்ததைச் சென்னப்பன் கவனித்தான். ஒரு பெண்மணி முடித்துவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

மூன்றாவது, வியாபாரிகள். அவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. ஒரு விலா எலும்பு.

அதற்கு அடுத்த நாள் புகை இயந்திரத்தின் திறனைப் பரிசோதித்தார்கள். சென்னப்பனை ஒரு கார் ஷெட்டுக்குள் நிறுத்தி, ஷட்டரை இறக்கிவிட்டு, அடி இடுக்கு வழியாகப் புகையை விட்டார்கள். ஷட்டரைத் தூக்கியபோது மஷகாசுரன் தரையில் வாயில் நுரையோடு கிடந்தான். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. புகை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று பசவராஜ் கேட்டார். கூட்டத்தில் ஷெட்டுக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர் மட்டும், “சார், ஷெட்டுக்குள்ள இருந்த கொசு எல்லாம் வெளியே வந்து எங்களைக் கடிக்குது” என்றார். அவரைச் சம்மட்டிக்காரன் கையைப் பிடித்து அழைத்துப் போனான். திரும்பி வரும்போது அவர் சட்டையில் பட்டன்கள் இல்லை.

எல்லா நிகழ்ச்சியிலும் பசவராஜ் பேசினார்.

“இவ்வளவு அடிச்சும் காய்ச்சல் ஏன் கூடுதுன்னு சிலர் கேக்கறாங்க. நான் சொல்றேன். இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல, சந்தோஷப்படணும்! அடிபட்டவன்தான் திருப்பிக் கடிப்பான். காய்ச்சல் கூடக் கூட, நம்ம அடி சரியான இடத்துல விழுதுன்னு அர்த்தம். போன வருஷம் ஆஸ்பத்திரியில இதுக்கு ஒரு வார்டு. இந்த வருஷம் மூணு வார்டு! இது யாரோட வெற்றி?”

“படையின் வெற்றி!” என்றது முன்வரிசை. முன்வரிசையில் படைதான் உட்கார்ந்திருந்தது.

“டிரம், பானை, தொட்டின்னு பதினோராயிரம் எதிரிகளை வீழ்த்தியிருக்கோம். இன்னும் உடையாதது ஊருல எவ்வளவோ இருக்கு. மக்கள் ஒத்துழைச்சா அடுத்த தசராவுக்குள்ள தண்ணி பிடிச்சு வைக்க ஒரு பாத்திரம் இல்லாத நகரமா இதை ஆக்கிக் காட்டுவோம்!”

மக்களும் கைதட்டினார்கள். தட்டாத கைகளில் கொசு உட்கார்ந்தது.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் சென்னப்பன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கேட்பான்: “சார், மருந்து வண்டி?”

“வேலையில இருக்குதுடா. நீ சாகற வேலையைப் பாரு.”

அஷ்டமியன்று ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் பாக்கியலட்சுமியிடமிருந்து போன் வந்தது. ரத்த அணு இன்னும் குறைந்துவிட்டது, உடனே வரச் சொன்னாள். உடுப்பைக் கழற்ற ஆள் தேடினான். எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார்கள். சென்னப்பன் அப்படியே ஒரு ஆட்டோவைப் பிடித்தான். இறக்கை உள்ளே போகவில்லை என்பதால் பின்னால் தொற்றிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். தாழ்வாரம் முழுக்க நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ஒழுங்காகத் தூங்கி எத்தனையோ நாளானவர்கள். யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள்.

அவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, படிக்கட்டில் ஆள் உயரக் கொசு ஒன்று ரத்தம் வழிகிற வாயோடு ஏறி வந்துகொண்டிருந்தது.

ஒரு கிழவர் எழுந்து, செருப்பைக் கழற்றினார். “என் பேரன் மூணாவது கட்டில்ல கெடக்கறான்” என்று அறிமுகம் செய்துகொண்டு அடித்தார். அடுத்தவர் ஃபிளாஸ்க்கால். ஒரு இளைஞன் குளுக்கோஸ் ஸ்டாண்டிலிருந்து பாட்டிலைக் கழற்றி, பத்திரமாகத் தன் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, ஸ்டாண்டோடு வந்தான். மேடையில் அடித்தவர்கள் கொசுவை அடிக்கிற மாதிரி அடித்தார்கள். இவர்கள் கொசுவையே அடித்தார்கள். தகர ஊசி வளைந்தது. அதற்கு அடியில் இருந்த மூக்கும் வளைந்தது. சாக்குப்பைக் கால்கள் இரண்டு பிய்ந்து வந்தபோது, நிஜக் காலும் வருகிறதா என்று ஒருவர் முறுக்கிப் பார்த்தார்.

“விடுங்க! எல்லாரும் தள்ளுங்க!” ஸ்வாதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் வைஷாலி ஸ்டெதாஸ்கோப்பைச் சுழற்றிக்கொண்டே உள்ளே பாய்ந்தார். “இவருக்கும் உள்ளே குழந்தை இருக்கு!”

செருப்புக் கிழவர் கையை இறக்கினார். “கொசுவுக்குமா?” என்று கேட்டுவிட்டு, அப்படியே சுவர் ஓரம் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

அன்று இரவைத் தாண்டிவிட்டாள் ஸ்வாதி. காலையில் அணுக்கள் ஏறத் தொடங்கின. டாக்டர் வைஷாலி, சென்னப்பனின் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டே சொன்னார்.

“நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு விட்டுடுவேன். படுக்கை இல்லை, வெளியே வரிசை நிக்குது. ஆனா ஒண்ணு நல்லாக் கேட்டுக்கோங்க. டெங்கு மறுபடியும் வந்தா முதல் தடவையைவிட மோசமா வரலாம். இந்தக் குழந்தை உடம்பு இன்னொண்ணு தாங்காது. கொசு இருக்கற இடத்துல படுக்க வைக்காதீங்க.”

“கௌதள்ளிக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமாங்க?”

“ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணுமே. ஊரை விட்டு எங்கேயும் போகக்கூடாது.”

சென்னப்பனுக்குத் தெரிந்த மைசூரில், கொசு இல்லாத இடம் இல்லை. கொசு குறைவான இடமாக ஆக்கக்கூடியது தன் வீடு ஒன்றுதான். அதற்கு ஒரே வழி அந்த மருந்து வண்டி. அது நாளை சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும்.

விஜயதசமி. ஊரின் யானைகளும் கூட்டமும் ஒரு பக்கம் போக, படையின் கொசு தசரா ஒரு பொட்டல் மைதானத்தில் கூடியது. பெரிய லாரி ஒன்றை அலங்கார ஊர்தியாக்கி, அதன் மேலேயே மேடை கட்டியிருந்தார்கள். காகிதப் பூ, தெர்மகோல் மலை, வண்ண விளக்கு. லாரியின் டிரைவர் தொட்டையன் கேபினில் தலைப்பாகை கட்டி உட்கார்ந்திருந்தார்.

நிகழ்ச்சி நிரல் எளிமையானது. சிறப்பு விருந்தினர் பெரிய மட்டையால் ஒரு அடி அடிப்பார். மஷகாசுரன் விழுவான். பலூன் பறக்கும். பிறகு பிசிபேளே பாத் சாப்பாடு. சிறப்பு விருந்தினருக்கு அதே நாளில் இன்னொரு தசரா காத்திருந்தது.

அவர் அடித்தார். எலக்ட்ரீஷியன் பொறி பறப்பது தெரியவேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே கனெக்‌ஷன் கொடுத்திருந்தார். பட்டாசு மாதிரி சத்தம். ஒரு இறக்கையில் தீப்பிடித்து, ஒருவர் சாக்கால் அடித்து அணைத்தார். முடி கருகிய வாடை முன்வரிசை வரை வந்தது.

சென்னப்பன் விழவில்லை.

இரண்டு கையையும் அகட்டி, மீதமிருந்த இரண்டு சாக்குக்காலும் ஆட, நின்றான்.

“ஏன் விழலை?” என்றார் சிறப்பு விருந்தினர்.

“புது ரகம் சார். வீரியம் ஜாஸ்தி” என்றார் பசவராஜ் சிரித்துக்கொண்டே. “இன்னொண்ணு போடுங்க.”

இன்னொன்று போட்டார். சென்னப்பன் முழங்கால் மடங்கி, பிறகு நிமிர்ந்தான். பலூனின் கயிற்றைப் பிடித்திருந்தவன் குழம்பி, பாதி விட்டு, மறுபடியும் இழுத்துப் பிடித்தான்.

பசவராஜ் மட்டையை வாங்கிக்கொண்டு அருகில் வந்தார். அடித்துக்கொண்டே பல்லுக்கு இடையில் பேசினார். “விழுடா டேய்!”

“மருந்து வண்டி போகட்டுங்க சார். விழறேன்.”

“நாளைக்குப் போகும்டா!”

“இன்னிக்கு சாயங்காலம் கொழந்தை வீட்டுக்கு வருதுங்க. இப்பவே போகணும்.”

“நீ செத்தாத்தான் வண்டின்னு பேச்சு!”

“வண்டி போனாத்தான் சாவுன்னு நான் சொல்றனுங்க.”

பசவராஜ் பின்னால் திரும்பிக் கையசைத்தார். துணைத் தலைவர் விளக்குமாற்றோடு ஏறினார். சம்மட்டிக்காரன் சம்மட்டியின் காம்போடு ஏறினான். கணக்குப் பிரிவில் இருந்து இரண்டு பேர், இதுவரை யாரையும் அடித்திராதவர்கள், நாற்காலியோடு ஏறினார்கள். அடி விழுகிற சத்தம் பொட்டல் முழுக்கக் கேட்டது. சென்னப்பனின் வாயிலிருந்து ஒரு பல் தெறித்து, தெர்மகோல் மலையின் உச்சியில் போய் உட்கார்ந்தது. ஒரு கை தோளிலிருந்து கழன்று, சாக்குக்காலோடு சேர்ந்து தொங்கியது. இப்போது எது நிஜக்கை என்று மக்களுக்குத் தெரியவில்லை. அடிக்கிறவர்களுக்கும் தெரியவில்லை, எல்லாவற்றையும் அடித்தார்கள்.

சாரத்தில் நிற்கிறவன் அவன். கால் எங்கே ஊன்றினால் நிற்கும் என்று அவன் உடம்புக்குத் தெரியும்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கூட்டம் முதலில் “அடி! அடி!” என்று கத்தியது. பிறகு பின்வரிசையில் யாரோ, “கொசுவுக்கு ஜே!” என்றார். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. முன்வரிசையில் படைக்காரர் ஒருவரே வாய்தவறிச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் மைதானத்தின் ஓரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாக்கியலட்சுமி இறங்கினாள். தோளில் ஸ்வாதி, போர்வைக்குள். எங்கே போவது என்று புருஷனைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தவள், மேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்வாதி போர்வையை விலக்கிப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிற்கிற விதம் தெரியும்.

“அப்பா! பேடப்பா! வேண்டாம்ப்பா!” குரல் பாதிதான் வந்தது. “விழுந்துடுப்பா! விழுந்துட்டா விட்டுடுவாங்கப்பா!”

சென்னப்பன் வீங்கிய கண்ணால் அவள் இருந்த பக்கம் பார்த்தான். அவளைப் பார்த்த பிறகு இன்னும் நேராக நின்றான்.

“டேய், கொழந்தையே சொல்லுது, விழுடா!” என்றார் பசவராஜ். அவருக்கு மூச்சு வாங்கியது. மட்டையின் வலை கிழிந்து தொங்கியது.

“வண்டி” என்றான் சென்னப்பன். அதற்குமேல் பேச வாய் இல்லை.

சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். “பசவராஜ், உங்களால ஒரு கொசுவைச் சாகடிக்க முடியலைன்னா நான் கிளம்பறேன். மேலே என்ன சொல்லணுமோ சொல்லிக்கறேன்.”

பசவராஜ் மட்டையைப் போட்டுவிட்டு, மேடையின் முன்பக்கம் மண்டியிட்டு, கேபினின் கூரையைக் கையால் படபடவென்று தட்டினார்.

“தொட்டையா! யோவ் தொட்டையா! போன் பண்ணுய்யா! மருந்து வண்டி எங்கே இருந்தாலும் சரி, இந்த நிமிஷமே இவன் குழிக்குப் போகச் சொல்லு!”

தொட்டையன் ஜன்னல் வழியாகத் தலைப்பாகையை வெளியே நீட்டி, நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கு சார் போன் பண்றது? நீங்க அவனை ஏத்தி வச்சு அடிக்கிறீங்களே, இதுதான் சார் அந்த வண்டி. மேடை கட்டணும்னு மழை தொடங்கினப்பவே டாங்கைக் கழட்டச் சொன்னீங்களே!”